துவரை வரும் கடலும் கொள்ளையர் பயமும்

நமது மண்டிகளுக்கு வரும் துவரையில் ஒரு பகுதி தான்சானியா, மொசாம்பிக் நாடுகளிலிருந்து கப்பலேறி வருவது என்பது வணிகப் பெருமக்கள் அறிந்ததே. கிராம்பும் பச்சை முந்திரிக் கொட்டையும்கூட அந்தக் கரையிலிருந்து வருகின்றன. ஈரம், கல், பூச்சி என்று மூட்டையைக் குத்திப் பார்க்கும் நாம், அந்த மூட்டை எந்தக் கடலைத் தாண்டி வந்தது என்று பார்ப்பதில்லை. நாமும் அப்படித்தான் இருந்தோம். 2010-ல் தருவித்த சரக்கொன்றின் கப்பல் கூலி பில்லில் புதிதாக ஒரு தொகை சேர்ந்திருந்தது. கிளியரிங் ஏஜெண்டைக் கேட்டால், "கடற்கொள்ளை அபாயக் கட்டணம்" என்றார். பணத்தைக் கட்டிய பிறகுதான் விவரம் விசாரித்தோம்.

சோமாலியக் கரையிலிருந்து புறப்பட்ட கொள்ளையர் 2011-ல் மட்டும் 237 கப்பல்களைத் தாக்கினர். மறு ஆண்டே அது 75 ஆக இறங்கியது. பிறகு சில ஆண்டுகள் ஏறக்குறைய ஓய்ந்திருந்து, 2023 இறுதியில் மீண்டும் தலைதூக்கியது. 2024 மார்ச்சில் மொசாம்பிக்கிலிருந்து நிலக்கரி ஏற்றிச் சென்ற வங்கதேசக் கப்பல் ஒன்றை 23 மாலுமிகளோடு பிடித்து, ஒரு மாதம் கழித்தே விட்டார்கள். நம் துவரை புறப்படும் கரையும் அதுதான்.

கொள்ளையர் வரும் முறை எளியது. பிடித்து வைத்த மீன்பிடிக் கலம் ஒன்றில் நடுக்கடலுக்கு வந்து, அங்கிருந்து சிறு விசைப்படகுகளை இறக்கி, ஓடும் கப்பலில் ஏணியைக் கொக்கி போட்டு மாட்டி ஏறுவார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது இந்தப் படகுகள் பயன்படா. காற்று அடங்கிய பிறகுதான் பயம். புதுத் துவரை கப்பலேறுவதும் அந்தச் சமயத்தில்தான்.

ஆகவே முதல் பாதுகாப்பு வேகமும் உயரமும். கொள்ளை உச்சத்திலிருந்த காலத்தில் கப்பல் கம்பெனிகளுக்கென்று வெளியான வழிகாட்டி நூல், 18 நாட்டுக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கப்பலில் எவரும் ஏறியதாகத் தகவல் இல்லை என்றது. கண்டெய்னர் கப்பல்களுக்கு அந்த வேகம் உண்டு. தானியமும் கரியும் அள்ளிப் போட்டு வரும் மொத்தச் சரக்குக் கப்பல்களோ 12, 14 நாட்டில் ஊர்பவை. சரக்கு நிறைந்தால் தளமும் தண்ணீரை ஒட்டி இறங்கிவிடும். இவற்றுக்குத்தான் சுற்றிலும் முள்கம்பிச் சுருள், பக்கவாட்டில் தண்ணீரைப் பீய்ச்சும் தீயணைப்புக் குழாய், இரவு பகல் கூடுதல் காவல் எல்லாம். சோளக்கொல்லையில் வைப்பதுபோல் ஆள் பொம்மையை நிறுத்துவதும் உண்டு! ஏடன் வளைகுடாவில் 2009 முதல் தனிப்பாதை வகுத்துக் கப்பல்களைக் கூட்டாக அனுப்புகிறார்கள். நம் கடற்படையும் 2008 அக்டோபர் முதல் அங்கே காவலுக்குச் செல்கிறது.

இவ்வளவையும் மீறி ஏறிவிட்டால்? கப்பலுக்குள் இரும்புக் கதவு போட்ட ஓர் அறை. எஞ்சினை நிறுத்திவிட்டு மாலுமிகள் அனைவரும் அதில் புகுந்து, உள்ளிருந்தே ரேடியோவில் உதவி கேட்க வேண்டும். ஒருவர் வெளியே சிக்கினாலும் திட்டம் பாழ். 2024 ஜனவரியில் 'லீலா நார்ஃபோக்' கப்பலின் 21 பேரும், அவர்களில் 15 பேர் இந்தியர், இப்படி ஒளிந்திருந்தார்கள். மறுநாள் 'ஐ.என்.எஸ். சென்னை' போய்ச் சேர்ந்து மீட்டது. 2011-ல் 'பெலுகா நாமினேஷன்' கப்பலிலோ இரண்டு நாளாகியும் உதவி எட்டவில்லை. கொள்ளையர் அறையை உடைத்துவிட்டார்கள். கடற்படை அருகில் இல்லாவிட்டால் கதவு மட்டும் காப்பாற்றாது.

துப்பாக்கிக் காவலர்களை ஏற்றுவது பலன் தந்தது உண்மை. ஆனால் 2012-ல் கேரளக் கரைக்கு அப்பால், கப்பல் காவலுக்கு வந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். பருப்பு மூட்டை பத்திரமாக வருவதற்கு மீனவர் உயிர் விலையாவதை நாம் ஏற்பதற்கில்லை.

இனி பணத்துக்கு வருவோம். கப்பலையும் சரக்கையும் மீட்கச் செலுத்தும் பணத்தைக் கப்பல்காரரும் சரக்குக்காரரும் மதிப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொள்வது 'ஜெனரல் ஆவரேஜ்' என்னும் பழைய கடல் வழக்கம். 2010-ல் பிடிபட்ட 'போலார்' கப்பலுக்கு 77 லட்சம் டாலர் கொடுத்தார்கள். சரக்குக்காரரும் பங்கு தரவேண்டும் என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நமது மூட்டையில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும் பங்கு உண்டு.

சி.ஐ.எப். விலையில் வாங்குகிறவர்கள் இன்சூரன்ஸ் உள்ளே இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறோம். ஒப்பந்தத்தில் வேறு பேசாவிட்டால் விற்பவர் 'சி' வகைப் பாலிசி எடுத்தாலே போதும். கடற்கொள்ளை நஷ்டம் அதில் சேராது; 'ஏ' வகையில்தான் சேரும். ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் "இன்சூரன்ஸ் 'ஏ' வகை" என்று எழுதி வாங்குங்கள். கப்பலுக்கு ஏதாவது நேர்ந்து பங்கு கேட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி உத்தரவாதம் கொடுத்துச் சரக்கை விடுவிக்கும். பாலிசி கைகொடுக்காதவர் ரொக்கமாக டெபாசிட் கட்டும்வரை துறைமுக வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்.