200 ரூபாய் குற்றத்துக்கு எத்தனை ஆயிரம் செலவு?

2020 ஊரடங்கில் வெளியே தலைகாட்டிய லட்சக்கணக்கானவர்கள் மீது வழக்கு பாய்ந்தது. பறிமுதலான டூ வீலர்கள் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காய்ந்தன. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, சுமார் 10 லட்சம் பேர் மீதான வழக்குகள் வாபஸ் என அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். வன்முறை, போலி இ-பாஸ், போலீஸாரைத் தடுத்தது போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

நல்ல செய்திதான். ஆனால், போட்ட செலவு?

எஃப்.ஐ.ஆர் எழுத ஒருவர், சாட்சி வாக்குமூலம் வாங்க ஒருவர், சம்மனோடு ஊர் ஊராக அலைய ஒரு ஏட்டு, பிறகு அரசு வழக்கறிஞர், மாஜிஸ்திரேட். எல்லாருக்கும் சம்பளம் நம் வரிப்பணம். இவ்வளவும் எதற்கு? இந்திய தண்டனைச் சட்டம் 188-ன்படி சாதாரண மீறலுக்கு அதிகபட்சம் ஒரு மாத வெறுங்காவல் அல்லது 200 ரூபாய் அபராதம், மிஞ்சினால் இரண்டும். ஆடு திருடுபோனதாகப் புகார் கொடுத்தவரை 'ஆள் இல்லை, நாளைக்கு வா' என்று அனுப்புகிற ஸ்டேஷனில், இதற்கு மட்டும் ஆள் எங்கிருந்து வருகிறார்களோ!

இன்னொரு கூத்தும் உண்டு. 188-ல் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர் போடக் கூடாது. உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் ஊரடங்கு வழக்குகளே வந்தன.

கொள்முதல் நிலையம் திறக்கச் சொல்லி மறியல் செய்கிற விவசாயிகள் மீதும் இதே பிரிவு பாய்வதுண்டு. அபராதம் சிறியதுதான். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் வேலை போகும், பஸ் செலவு ஆகும். பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் விசாரணை வரும்போதும் அந்த வழக்கு குறுக்கே நிற்கும்.

2024 ஜூலை 1 முதல் 188-க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா 223-வது பிரிவு. அபராதம் 2,500 ரூபாய் வரை, சிறை ஆறு மாதம் வரை. அதிகாரியின் எழுத்துப்பூர்வமான புகார் வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. இப்படிப்பட்ட வழக்கில் ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கலாக வேண்டும் என்ற காலவரம்பும் உண்டு. வழக்கு உங்கள் மீது இருந்தால், யார் புகார் கொடுத்தார், எந்தத் தேதியில் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். 'சின்ன கேஸ்தானே' என்று சம்மனை ஒதுக்கி வைத்தால் பிடிவாரன்ட் வரலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். உதவி எண்: 15100.