ஆங்கிலேயர் 'ஜாக்கிரதை' என்று சொல்லும் விதங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம்மிடம் பயின்ற மாணாக்கன் ஒருவன் உத்தியோகத்திற்கு விண்ணப்பிக்க நற்சான்றுப் பத்திரம் வேண்டுமென்று வந்தான். பையன் யோக்கியன், கணக்கில் ஒரு காசு தவறவிடமாட்டான். மிகுந்த ஜாக்கிரதையுள்ளவன் என்பதை ஆங்கிலத்தில் அழகாகச் சொல்ல விரும்பி, 'வேரி' என்ற சொல்லை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். பத்திரத்தைப் படித்த அதிகாரி, "உனக்கு யார்மேல் அப்பா இவ்வளவு சந்தேகம்?" என்று கேட்டாராம். வேலை கிடைக்கவில்லை. அதற்கு நம் சொல்தான் காரணமென்று சொல்ல முடியாது. ஆயினும் அப்பையன் வந்து நின்ற கோலத்தைக் கண்டபின், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்துப் பட்டம் பெற்றோம் என்று சொல்லிக்கொள்ளவே நமக்குக் கூச்சமாயிருந்தது.

அன்று முதல் இச்சொற்களை உற்று நோக்கத் தொடங்கினோம். நம் மாணவர் கையாளும் சிறு அகராதிகளைப் புரட்டினால் 'கேர்புல்', 'காஷியஸ்', 'வேரி' மூன்றிற்கும் 'ஜாக்கிரதையான' என்ற ஒரே பொருளைக் காண்கிறோம். ஆங்கிலேயனோ இவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை. செய்யும் காரியம் பிசகக் கூடாதே என்று கவனிப்பவன் 'கேர்புல்'. தனக்குத் தீங்கு வரக்கூடாதே என்று தயங்கி அடியெடுத்து வைப்பவன் 'காஷியஸ்'. எதிரிலிருப்பவனையோ பொருளையோ நம்பாமல் ஓரக்கண்ணால் பார்ப்பவன் 'வேரி'. 'கேர்புல்'லான வண்டியோட்டியோடு நாம் மகிழ்ச்சியாகப் பிரயாணம் செய்யலாம். 'காஷியஸ்' ஆனவனோடு புறப்பட்டால் ரயில் தவறினாலும் தவறும்.

சொற்களின் பிறப்பை ஆராய்ந்தால் வேடிக்கை இன்னும் மிகுதி. 'கேர்' என்பது பழைய ஆங்கிலத்தில் துக்கத்தைக் குறித்தது. ஆகவே 'கேர்புல்' என்றால் முதலில் துயரம் நிறைந்தவன் என்றே பொருள். 1611-ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில பைபிளில், எதைக் குறித்தும் கவலை கொள்ள வேண்டாமென்று பவுல் பிலிப்பியருக்குச் சொல்லுமிடத்தில் இச்சொல்லே வருகிறது. இன்று அதைப் படிப்பவன், அப்போஸ்தலர் அஜாக்கிரதையை உபதேசிக்கிறாரோ என்று திகைத்துப்போவான்! 'சர்க்கம்ஸ்பெக்ட்' என்பது சுற்றுமுற்றும் பார்ப்பவன். 'புரூடென்ட்' என்பது வரப்போவதை முன்னே காண்பவன். இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. 'விஜிலென்ட்' மட்டும் நமக்கு உறவு. லத்தீனில் அது விழித்திருப்பவனைக் குறிக்கும். நாம் வடமொழியிலிருந்து பெற்ற 'ஜாக்கிரதை'யும் விழிப்பே.

'காஷன்' என்ற சொல்லின் மூலமான லத்தீன் வினையை, கி.பி. 79-இல் வெஸூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலில் புதையுண்ட பாம்பே நகரத்தின் வீடு ஒன்றில் காணலாம். வாசலில் சிறு கற்களைப் பதித்துச் சங்கிலி கட்டிய கறுப்பு நாயைச் சித்திரித்து, நாயைக் குறித்து ஜாக்கிரதை என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வினையே நம் நீதிமன்றங்களில் 'கேவியட்' மனுவாகவும், கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கும் தகப்பனார் கட்டும் 'காஷன் டெபாசிட்' ஆகவும் வந்து நிற்கிறது. இங்கிலாந்துப் போலீஸார், வாய் திறந்து ஏதும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்று சந்தேகத்திற்குரியவனிடம் முன்கூட்டி அறிவிப்பதற்கும் 'காஷன்' என்றே பெயர்.

இவையெல்லாம் படித்தவர் பொழுதுபோக்கு என்று நேயர்கள் நினைக்கலாம். ஆனால் நற்சான்றுப் பத்திரத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இயந்திரங்களின் மீது எழுதும் எச்சரிக்கைச் சொற்களை அமெரிக்கர் படி வகுத்து வைத்திருக்கிறார்கள். 'டேஞ்சர்' என்றிருந்தால், தவறுபவனுக்கு மரணமோ கொடிய காயமோ நேர்ந்தே தீரும். 'வார்னிங்' என்றால் அவை நேரக்கூடும். 'காஷன்' என்றால் சிறு காயமோ நடுத்தரக் காயமோ நேரக்கூடும். ரசாயனப் பொருள்களுக்கென ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் வெளியிட்ட முறையில் முதல் இரண்டு சொற்களே உண்டு. கொடியதற்கு 'டேஞ்சர்', அதனினும் குறைந்ததற்கு 'வார்னிங்'. மூன்றையும் 'ஜாக்கிரதை' என்று ஒரே சொல்லால் பெயர்த்து ஒட்டினால், கை போகும் இடமும் விரல் நசுங்கும் இடமும் தொழிலாளிக்கு ஒன்றாகவே தோன்றும்.

எச்சரிக்கும் சொல்லே ஏமாற்றுவதும் உண்டு. 'இன்ப்ளேமபிள்' என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. முன்னால் நிற்கும் 'இன்' எதிர்மறையென்று கருதி, தீப்பற்றாதது என்று தலைகீழாகப் பொருள் கொள்வார் பலர். ஆகவேதான் 1920-களிலேயே அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கத்தார், அந்த 'இன்'னை நீக்கி 'ப்ளேமபிள்' என்றே எழுதுமாறு வற்புறுத்தினர். பெஞ்சமின் லீ வோர்ப் என்னும் மொழியறிஞர் அந்நாட்டில் தீ இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களின் அருகே ஒதுங்கி நடக்கும் மனிதர்கள், 'காலி' என்று பெயரிட்ட பீப்பாய்களின் அருகே சிகரெட்டைப் பற்ற வைப்பதை அவர் கவனித்து எழுதினார். காலிப் பீப்பாயில் தங்கியிருக்கும் ஆவியல்லவோ அதிகமாக வெடிப்பது! 'காலி' என்ற சாதுவான சொல் எத்தனை பேரைச் சுட்டிருக்கிறது!

நம் பள்ளியின் ரசாயன அறையில் வெகுகாலமாகக் கந்தக அமிலப் புட்டிக்கும் சலவைச் சோடாப் புட்டிக்கும் 'ஜாக்கிரதை' என்ற ஒரே சீட்டுத்தான். விற்பவர் ஒட்டியனுப்பும் ஆங்கிலச் சீட்டிலோ முன்னதற்கு 'டேஞ்சர்', பின்னதற்கு 'வார்னிங்'. சென்ற மாதம் மாணவர்களைக் கொண்டே சீட்டுகளைத் திருத்தி எழுதச் செய்தோம். முன்னதற்கு 'அபாயம்', பின்னதற்கு 'எச்சரிக்கை' என்று அவர்களே முடிவு செய்தார்கள். மாலையில் அறையைப் பூட்டச் சென்றபோது, மூலையில் கிடந்த வெறும் ஸ்பிரிட் டின்னிலும் யாரோ ஒருவன் 'அபாயம்' ஒட்டியிருப்பதைக் கண்டோம். அவன் யாரென்று இன்னும் நாம் விசாரிக்கவில்லை.