விடுபட்ட செலவுக் கணக்கு

பிலிப் ஷபெகாஃப், 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் 32 ஆண்டுகள் பணியாற்றியவர். அதில் பிற்பகுதி முழுவதும் வாஷிங்டனிலிருந்து சுற்றுச்சூழல் செய்திகளை எழுதியவர். புவி வெப்பமடைதல் தொடங்கிவிட்டது என்று நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் 1988 ஜூன் 23 அன்று அமெரிக்க செனட் குழு முன் சாட்சியம் அளித்தார். மறுநாள் அதை முதல் பக்கச் செய்தியாக்கியவர் ஷபெகாஃப். ஆய்வுக்கூடத்திலிருந்த விவாதம் அதன் பிறகே பொதுமக்களின் பேச்சுக்கு வந்தது எனலாம்.

ஆனால், அவர் சுற்றுச்சூழலுக்குச் சாதகமாக எழுதுகிறார், அதைப் பாதுகாப்பதற்கு ஆகும் பொருளாதாரச் செலவைக் கணக்கில் கொள்வதில்லை என்று ஆசிரியர் குழுவில் குறை கூறப்பட்டதாக அவரே பின்னர் தெரிவித்துள்ளார். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் குற்றச்சாட்டு எனக்கு விந்தையாகப்படுகிறது. ஆலையில் புகை வடிகட்டி பொருத்தும் செலவு, நிறுவனத்தின் கணக்கேட்டில் தவறாமல் ஏறிவிடும். வடிகட்டாத புகையால் நோயுற்றவரின் மருத்துவச் செலவும், கருகிய பயிரின் இழப்பும் அந்த ஏட்டில் ஒருபோதும் இடம்பெறா. இந்த இடைவெளியைப் பிரிட்டிஷ் பொருளியல் அறிஞர் ஆர்தர் பிகு 1920-ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார். வகுப்பறையில் 'புறவிளைவுகள்' என்று நாங்கள் கற்பிப்பது இதைத்தான். விடுபட்ட அந்தச் செலவைத்தான் சுற்றுச்சூழல் செய்தியாளர் எழுதுகிறார். பங்குச்சந்தை நிருபரைச் சந்தைக்குச் சாதகமானவர் என்று கூறி யாரும் இடம் மாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஷபெகாஃபிடமிருந்து சுற்றுச்சூழல் பொறுப்பு எடுக்கப்பட்டு, வருமான வரித் துறை ஒதுக்கப்பட்டது. 1991-இல் பணியிலிருந்து விலகிய அவர், 'கிரீன்வயர்' என்ற சுற்றுச்சூழல் செய்திச் சேவையை நிறுவி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.