மாலை உணவும் முன்னேற்பாடும்

சமைத்தல் ஒரு கலை என்பர். கலை எதுவாயினும் அதற்குப் பொழுது வேண்டும். உழைத்து உண்ணும் குடும்பங்களிலோ அப்பொழுதே அரிதிற் கிடைக்கும் பொருளாம். நாள் முழுதும் வேலை செய்து களைத்து இல்லம் திரும்பும் தாய் தந்தையர், பசித்துக் காத்திருக்கும் மக்கள், மூட்டப்படாத அடுப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும் வேளையில், கையிற் பொருளும் மிகுதியாக இல்லாதபோது, நல்லுணவு ஆக்குவது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

திருப்பூர் நகரை எடுத்துக்கொள்வோம். அந்நகரம் பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள தொழிற்கூடங்களை மக்கள் பனியன் கம்பெனிகள் என்றே வழங்குவர். காலை எட்டரை மணிக்கு வேலைக்குச் செல்வோர் பலர், வேலை மிகுந்த காலங்களில் இரவு எட்டரை மணிக்கே வெளிவருவர். இதனை 'ஒன்றரை ஷிப்டு' என்பர். கணவனும் மனைவியும் இவ்வாறு உழைக்கும் இல்லங்கள் அந்நகரில் மிகப் பல. அவர்கள் வீடு சேரும்போது மணி ஒன்பதை நெருங்கிவிடும். அதன்பின் உளுந்து ஊறவைத்து அரைத்தலோ, புளி கரைத்துக் குழம்பு கொதிக்கவைத்தலோ இயலுவதன்று. ஆதலின் தெருமுனைக் கடையிலிருந்து பரோட்டாப் பொட்டலம் வாங்கப்படுகிறது. ஒரு நாள் வாங்கினால் அது விருந்து. நாள்தோறும் வாங்கினால் வாரக் கூலியின் ஒரு பகுதி கடைக்காரருக்கே உரியதாகிவிடும். பிள்ளைகளும் காயும் கீரையும் உண்ணாமலே உறங்கச் செல்வர்.

இவ்விடர்ப்பாடு புதிதன்று. நம் நாட்டு உழவர் குடிப் பெண்டிர் பொழுது புலருமுன் நாற்று நடவும் களை பறிக்கவும் வயலுக்குச் சென்றனர். காலையில் அடுப்பு மூட்ட அவர்களுக்கு நேரமில்லை. ஆகவே முன்னாள் இரவே சோற்றில் நீரூற்றி வைத்தனர். அதுவே பழஞ்சோறு, அதன் நீரே நீராகாரம். வழிநடை செல்வோர் புளிச்சோற்றைக் கட்டி எடுத்துச் சென்றனர். கட்டுச்சோறு, பொதிசோறு, கட்டமுது, ஆற்றுணா என இவ்வொன்றற்கே தமிழில் இத்தனை பெயர்கள் உள. ஆறு என்பது வழி. ஆற்றுணா என்பது வழிக்கு உரிய உணவு. ஒரு பொருளுக்குப் பெயர் பலவாயின், அப்பொருள் மக்கள் வாழ்வில் பெரிதும் பயின்றது என்று கொள்ளலாம். பங்குனி, சித்திரை வெயிலில் மாடியிலும் முற்றத்திலும் வற்றலும் வடகமும் காய்வதும் இவ்வகையினதே. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்கறி விலை ஏறும்போது அவை கைகொடுக்கும்.

இம்முன்னேற்பாடுகளை உற்று நோக்கின் ஒன்று புலனாகும். நம் முன்னோர் உணவை முற்றும் ஆக்கி முடித்து நெடுநாள் வைத்தாரல்லர். பெரும்பாலும் முடியும் தறுவாயில் நிறுத்தி வைத்தனர். மாவு வைத்தனர், இட்டலியை வைத்திலர். புளிக்காய்ச்சல் வைத்தனர், கலந்த சோற்றைச் சில வேளைகளுக்கு மேல் வைத்திலர். பொடி வைத்தனர், பொடி பிசைந்த சோற்றை வைத்திலர். நெடும்பொழுது வேண்டும் வேலைகளை முன்னரே முடித்து, கால்மணி நேர வேலையை மட்டும் உண்ணும் வேளைக்கு ஒதுக்கினர். ஞாயிற்றுக்கிழமை ஆக்கிய குழம்பை வியாழக்கிழமை சூடாக்கி உண்பது இதனின் வேறு. அதில் சுவையும் குன்றும், நலத்துக்கும் உறுதியில்லை.

முதற்கண் மாவைப் பார்ப்போம். புழுங்கலரிசி நான்கு ஆழாக்குக்கு உளுந்து ஓர் ஆழாக்கு என்பது பலரும் கொள்ளும் அளவு. ஒரு தேக்கரண்டி வெந்தயம் சேர்ப்பதுண்டு. ஊறியபின் தனித்தனியே அரைத்து, உப்பிட்டுக் கையாற் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரம்பாதபடி ஊற்றி மூடிவைப்பர். வெப்பமான இடத்தில் எட்டு முதல் பத்து மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். குளிர்ந்த ஊர்களில் இன்னும் மிகுதியான நேரம் வேண்டும். இப்பொங்குதலுக்குக் காரணம் உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுள் இலியூக்கோநாசுடாக்கு என்னும் இனம் தலையாயது. அவை மாவிலுள்ள சர்க்கரையை உண்டு இலாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் பசைத்தன்மை அவ்வாயு வெளியேறாதபடி பிடித்துக்கொள்ளும். அதனால் மாவு உப்புகிறது, இட்டலி மெதுவாகிறது. அமிலமோ மாவைப் புளிக்கச் செய்து, கேடு செய்யும் பிற உயிர்கள் எளிதில் பெருகாவண்ணம் காக்கிறது.

ஒரு முறை அரைத்த மாவு ஒரே உணவாக நில்லாமை அதன் தனிச்சிறப்பு. புதுமாவில் இட்டலி நன்றாக வரும். அடுத்த நாளில் தோசை. புளிப்பு ஏறியபின் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து தூவி ஊத்தப்பம். தாளித்துக் கொட்டினால் பணியாரம். குளிர்ப்பெட்டி உள்ள வீட்டில் இம்மாவு நான்கைந்து நாள் நிற்கும். அஃது இல்லாத வீட்டில், நீர் நிரம்பிய அகன்ற தாம்பாளத்தின் நடுவே பாத்திரத்தை வைத்து இரண்டாம் நாளுக்குள் தீர்த்துவிடுதல் நன்று.

மாவரைத்தல் முன்னாளில் பெண்டிர்க்குப் பெருந்துன்பமாயிருந்தது. ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து ஒருவர் தள்ள, ஒருவர் சுழற்ற, தோள் இற்றுப்போகும். 1950களில் கோயம்புத்தூரில் மின்விசையால் சுழலும் மாவாட்டும் பொறி உருவாயிற்று. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின்வழி, அப்பொறியும் மிக்சியும் விலையின்றிப் பல இலட்சம் வீடுகளுக்கு வழங்கப்பட்டன. ஆட்டுக்கல்லில் அரைத்த மாவின் சுவை வராது என்று கூறுவாரும் உளர். அவருட் பெரும்பாலார் ஆட்டுக்கல்லைத் தம் கையால் சுழற்றி அறியார் என்பது எம் எண்ணம்.

அடுத்தது புளிக்காய்ச்சல். நூறு கிராம் புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து எடுக்க வேண்டும். நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்துப் புளிக்கரைசலை ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கொதிக்கவைக்க வேண்டும். இறக்குமுன் வறுத்த வெந்தயப் பொடி இடுவர். இது கெடாமல் நிற்பதன் காரணம் நான்கு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் ஒன்று, உப்பு மற்றொன்று, நீர் வற்றியமை மூன்றாவது, மேலே நின்று காற்றைத் தடுக்கும் எண்ணெய்ப் படலம் நான்காவது. எண்ணெயைக் குறைத்தாலோ ஈரக் கரண்டியை உள்ளே இட்டாலோ இக்காவல் உடையும். நன்கு செய்து உலர்ந்த கண்ணாடிச் சாடியில் வைத்தால் வாரம் முழுதும் ஐயமின்றிப் பயன்படும். இரவு சோறு வெந்ததும் இரண்டு கரண்டி இட்டுக் கிளறினால் புளிச்சோறு ஆயத்தம். தக்காளித் தொக்கும் இம்முறையினதே. எனினும் தக்காளியில் நீரும் இனிப்பும் மிகுதியாதலால் அது புளிக்காய்ச்சலைப் போல நெடிது நில்லாது.

பருப்புப் பொடியைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. துவரம்பருப்பு, மிளகு, வற்றல் மிளகாய் ஆகியவற்றைச் சிவக்க வறுத்து, உப்புடன் பொடித்து வைத்தால் ஒரு திங்கள் இருக்கும். சுடுசோற்றில் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுப் பிசைந்து உண்ணலாம். தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளில் 2011 சூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவ்வரிசியும் பருப்புமே இப்பாடத்திற் கூறிய உணவுகளில் பெரும்பாலானவற்றுக்கு முதற்பொருள் என்பதை நோக்குக.

கொங்கு நாட்டார்க்கு உரிய கொள்ளு இன்னும் சிறந்தது. அது விலை மலிந்தது. உடலுக்கு உரம் தருவது. ஆயினும் வேக நெடும்பொழுது கொள்ளும். காலையில் வேலைக்குப் புறப்படுமுன் ஓர் ஆழாக்குக் கொள்ளை நீரில் இட்டுச் செல்லுதல் ஒரு நொடி வேலை. இரவு திரும்பியதும் அதனைக் குக்கரில் ஏற்றிவிடலாம். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசு வெப்பத்தில் கொதிக்கும். மூடிய குக்கரிலோ ஆவியின் அழுத்தத்தால் வெப்பம் ஏறத்தாழ 120 பாகை வரை உயரும். அதனால் வேகும் நேரம் பெரிதும் குறைகிறது. வெந்த கொள்ளை வடித்து, வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மல்லி, மிளகாய் சேர்த்துக் கடைந்தால் அன்றைய சோற்றுக்குக் கடைசல். வடித்த நீரைக் கொட்டிவிடாமல் புளியும் மிளகும் கூட்டினால் இரசம். ஒரு கொதியில் இரண்டு உணவு! அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரே கலத்தில் ஆக்கும் அரிசிம்பருப்புச் சோறும் அந்நாட்டு உழைப்பாளர் வீடுகளில் இக்காரணம் பற்றியே விரும்பப்படுகிறது.

காய்கறிகளைக் கையாளுதற்கும் ஒரு முறை உண்டு. 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கப்பெற்றது. பின்னர்த் திருப்பூர் உள்ளிட்ட பல ஊர்களிலும் அவை அமைந்தன. ஞாயிறு காலையில் அங்கே ஒரு வாரத்துக்கு வாங்குவோர் விரைவிற் கெடுவதை முன்னரும் நெடிது நிற்பதைப் பின்னரும் சமைக்க வேண்டும். கீரை அன்றைக்கோ மறுநாளைக்கோ உரியது. அவரையும் வெண்டையும் அதன்பின். பூசணி, சேனை, கருணை ஆகியவை வார இறுதி வரை பொறுக்கும். வெள்ளிக்கிழமைக்குள் கூடை காலியாகும். அப்போது சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் குழம்புக்கு வரும். வெங்காயம் உரித்தல், பூண்டு உரித்தல், அவரை நார் எடுத்தல் ஆகியவற்றை ஞாயிறன்றே செய்து வைக்கலாம். கத்தரியையும் வாழைக்காயையும் அரிந்து வைத்தல் ஆகாது, கறுத்துவிடும்.

இவ்வேலைகள் எல்லாம் தாயின் தலையிலேயே விழுமாயின் முன்னேற்பாட்டால் வந்த நன்மை யாது? வார நாளின் சுமை ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் மாறியதேயன்றிக் குறைந்ததாகாது. அவளுக்கும் அஃது ஒன்றே ஓய்வு நாள். மாணவர்களே, வெங்காயம் உரிக்கப் பத்து வயதுச் சிறுவனுக்கும் இயலும். அரிசி களைவதும் பொறியிலிருந்து மாவை வழித்தெடுப்பதும் ஆண்மக்கட்கு இழிவல்ல. தந்தை புளிக்காய்ச்சல் கிளறுவாராயின், தாய் அந்நேரம் சற்றே கண்ணயர்வாள்.

ஈண்டு எச்சரிக்கை ஒன்று வேண்டும். சமைத்த சோறு தூயதே எனினும், அரிசியில் பாசில்லசு சீரியசு என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இருத்தல் கூடும். கொதிநீரிலும் அவை மாள்வதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உமிழும். அந்நஞ்சில் ஒரு வகை, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது, வாந்தியை உண்டாக்கும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பமே இத்தகைய உயிர்களுக்கு உகந்தது. ஆகவே காலையில் வடித்த சோற்றை இரவு வரை மூடிவைத்து உண்ணுதல் தகாது. எஞ்சிய சோற்றை அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாளே உண்டுவிட வேண்டும். பழஞ்சோறும் மறுநாட் காலைக்கு உரியதே, மாலைக்கு அன்று. தேங்காய் சேர்ந்த துவையலும் குழம்பும் இவற்றினும் விரைவிற் கெடும். அவற்றை அன்றன்றே ஆக்குக. குளிர்ப்பெட்டியோ நுண்ணுயிர்களைக் கொல்வதில்லை. அவற்றின் பெருக்கத்தைத் தாழ்த்துவதோடு சரி. மின்சாரம் நெடுநேரம் நின்ற நாளில் அதனுள் இருந்த சோற்றையும் குழம்பையும் முகர்ந்து பார்த்துத் துணிதல் போதாது, நஞ்சுக்கு மணமில்லை.

இம்முறையைக் கைக்கொண்ட இல்லத்தில் ஒன்பது மணிக்கு வந்தவர்கள் ஒன்பதரைக்கு இலை போடலாம். ஒரு நாள் தோசையும் தொக்கும், ஒரு நாள் கொள்ளுக் கடைசல், ஒரு நாள் புளிச்சோறும் அப்பளமும் என அவை மாறி வரும். சனிக்கிழமை கூலி நாள். மாவுப் பாத்திரமும் அன்றைக்கு ஒழிந்திருக்கும். அன்றிரவு பிள்ளைகள் பரோட்டா வேண்டுமென்று கேட்டால் வாங்கிக் கொடுக்கலாம். உளுந்தை மட்டும் உறங்குமுன் எடுத்து வைத்துவிட வேண்டும்.