கற்பனைக் கோதாவும் கதவடைத்த கோதாவும்

முகமது அலிக்கு எதிரே ராக்கி மார்சியானோ நின்றால் வெல்பவர் யார்? வீழ்பவர் யார்?

ஐயப்பன்தாங்கல் பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க் கடைகளில், இரவு ஷிப்டு முடித்துத் திரும்பும் தோழர்களிடையே இந்தக் கேள்வி விழுந்துவிட்டால் போதும். கையிலுள்ள தேநீர் ஆறுவதைக் கவனிப்பார் எவருமிலர். ஒருவர் ஜோ லூயிஸ் என்பார். "டைசன் முன்னால உங்க ஆளு ஒரு ரவுண்டு தாங்குவாராண்ணே?" என்று இளைஞர் மடக்குவார். வடசென்னையிலிருந்து குடிவந்த பெரியவரோ, "எங்கப்பா கித்தேரி முத்துவைப் பார்த்தவரு. நீங்க எல்லாம் சினிமாவைப் பார்த்தவங்க!" என்று ஒரே போடாகப் போடுவார்.

வேலையற்ற பேச்சு என்று இதை விரட்டுவோர் உண்டு. நாம் விரட்டமாட்டோம். உழைத்துக் களைத்தவன் வீரத்தைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சாகாது. ஆனால் ஒன்று கேட்போம். நடக்காத போட்டிக்கு நடுவர் யார்? அந்த நடுவருக்குத் தீர்ப்பை எழுதிக் கொடுத்தவர் யார்?

இயந்திரமே நடுவராக அமர்ந்த கதையொன்று உண்டு. 1967-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மர்ரி வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், ஹெவிவெயிட் வீரர்கள் 16 பேரைக் கணிப்பொறிக்குள் இறக்கினார். இறந்தவரும் இருந்தவரும், ஓய்ந்தவரும் ஓயாதவரும் ஒரே பட்டியலில்! குத்துச்சண்டை வல்லுநர்களின் மதிப்பீடுகள் எண்களாக்கப்பட்டு இயந்திரத்துக்கு ஊட்டப்பட்டன. வந்த முடிவுகள் வானொலியில் போட்டி வருணனையாக ஒலித்தன. இறுதியில் ஜாக் டெம்ப்சியை வீழ்த்தி மார்சியானோ வாகை சூடினார்.

அலி? அவர் இறுதிவரை வரவேயில்லை. ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றார் என்றது இயந்திரம்!

அந்த 1967-ஐ நினைவிற் கொள்ளுங்கள், தோழர்களே. வியட்நாம் போருக்கு வரமாட்டேன் என்று அலி சொன்ன ஆண்டு அது. அதற்காகப் பட்டம் பறிக்கப்பட்ட ஆண்டு. குத்துச்சண்டை உரிமம் பிடுங்கப்பட்ட ஆண்டு. உண்மையான கோதாவிலே ஒருவராலும் வீழ்த்தப்படாத மனிதனை, கோதாவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, கற்பனைக் கோதாவிலே தோற்கடித்தார்கள். அலி சும்மா இருப்பாரா? மானநட்டம் என்று பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்.

வழக்கு சமரசமாகி, படமாக முடிந்தது. 1969-இல் அலியும் மார்சியானோவும் ஒரே கோதாவில் இறங்கினர்; அடிப்பது போல் அடித்தனர், விழுவது போல் விழுந்தனர். முடிவுகள் பலவிதமாகப் படம் பிடிக்கப்பட்டன. எந்த முடிவு காட்டப்படும் என்பது இருவருக்குமே தெரியாது. மார்சியானோவுக்குத் தெரியவும் போவதில்லை. 1969 ஆகஸ்டு 31 அன்று விமான விபத்தில் அவர் மாண்டார். 1970 சனவரி 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் படம் ஓடியது. 13-ஆவது சுற்றில் அலி வீழ்ந்தார். ஐரோப்பாவுக்குப் போன படத்திலோ அலி வென்றார்!

ஒரே இயந்திரம், ஒரே போட்டி, இரண்டு தீர்ப்புகள். இயந்திரத்துக்கு நிறம் தெரியாது, இனம் தெரியாது. உண்மைதான். ஆனால் எண்ணை ஊட்டிய கைக்குத் தெரியும். சீட்டு விற்ற கைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அலியை 'வென்ற' அந்த ஜெஃப்ரீஸ் யார்? பட்டம் தன்னிடமிருந்த நாளில், கறுப்பருடன் பட்டத்துக்காக மோதமாட்டேன் என்று மறுத்தவர். தோல்வி காணாமல் 1905-இல் ஓய்வு பெற்றவர். 1908-இல் சிட்னி நகரில் டாமி பர்ன்ஸை வீழ்த்தி, ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். பொறுக்குமா வெள்ளை ஆதிக்கம்? பண்ணையிலிருந்த ஜெஃப்ரீஸை அழைத்து வந்தனர். பெருத்த உடலை இளைக்கச் செய்து, 1910 சூலை 4 அன்று ரெனோ நகரில் நிறுத்தினர். வெள்ளையன் உயர்ந்தவன் என்று காட்டவே வந்ததாக அவரே சொன்னார். நடந்தது என்ன? 15-ஆவது சுற்றில் ஜெஃப்ரீஸ் மண்ணைக் கவ்வினார். தோற்ற ஆத்திரத்தில் கறுப்பரைத் தேடித் தாக்கினர். பல ஊர்களில் உயிர்கள் போயின. 1912-இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு செல்லக் கூடாதென்று சட்டமே வந்தது.

மெய்யான கோதாவில் 1910-இல் ஜான்சனிடம் வீழ்ந்த ஜெஃப்ரீஸ், 57 ஆண்டுகள் கழித்து, வானொலிக் கோதாவில் அலியை வீழ்த்திவிட்டார்! இதைவிடச் சுலபமான பழிவாங்கல் உண்டா?

"அதை விடுங்கள், உள்ளபடியே யார் பெரியவர்?" என்று கேட்கும் தோழருக்கும் விடை சொல்வோம்.

எந்த விதிப்படி மோதுவது? 1910-இல் ரெனோவில் குறித்த சுற்றுகள் 45. அலியின் காலத்தில் 15. இன்று 12. அன்றைய கையுறை சிறியது, இன்றையது பெரியது. மார்சியானோ ஏறத்தாழ 84 கிலோ. 5 அடி 10 அங்குலம். இன்றைய கணக்கில் 91 கிலோவுக்குக் கீழே இருப்பவர் ஹெவிவெயிட்டே அல்ல, அதற்கு அடுத்த கீழ்ப்பிரிவு. ஆனால் அந்த உடலோடுதான் 49 போட்டிகளிலும் வென்றார். 43 பேரை நாக்-அவுட் செய்தார். உயரம்தான் எல்லாம் என்போர் 2024-ஐப் பார்க்கட்டும்: 6 அடி 9 அங்குல டைசன் ஃபியூரியை, அரை அடி குறைந்த உசிக் வென்றார். ஆகவே எடையும் உயரமும் மட்டும் தீர்ப்பாகா.

இரண்டு காலங்கள் நேருக்கு நேர் மோதியதும் உண்டு. 1951-இல் 37 வயது ஜோ லூயிஸை மார்சியானோ 8-ஆவது சுற்றில் வீழ்த்தினார். 25 முறை பட்டத்தைக் காத்த லூயிஸ், வரிக்கடன் கழுத்தை நெரித்ததால் மீண்டும் கோதா ஏறியவர். அங்கே வென்றது மார்சியானோ மட்டுமல்ல. வயதும் கடனும் கூடவே வென்றன. 1980 அக்டோபரில் 38 வயது அலியை, அவருக்குப் பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்ஸ் பத்துச் சுற்றுகள் அடித்து ஓயவைத்தார். இவற்றை வைத்து யார் பெரியவர் என்று சொல்ல முடியுமா?

அதே 1980-இன் தொடக்கத்தில் அலி நம் சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். கூட்டம் அலியைப் பார்த்தது. எல்லிஸ் யாரென்று பார்த்தவர் எத்தனை பேர்? அலியிடமிருந்து பறித்த பட்டத்துக்குப் போட்டி நடத்தி, 1968-இல் உலகக் குத்துச்சண்டைச் சங்கம் சாம்பியனாக அறிவித்தது இந்த எல்லிஸைத்தான். இருவரும் லூயிவில் நகரத்துக்காரர்கள். 1971-இல் கோதாவுக்குத் திரும்பியிருந்த அலி, எல்லிஸை 12-ஆவது சுற்றில் வென்றார். பறித்தவர்கள் வேறு யாரோ. மோதிக்கொண்டவர்கள் ஒரே ஊர்ப் பிள்ளைகள்! அந்த இருவரையும் ஒரே மேடையில் நம் சென்னை கண்டது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். 1967-க்கும் 1910-க்கும் போட்டி வைக்குமுன், ஒரே காலத்தில் இருந்தும் மோதவிடாமல் தடுக்கப்பட்டவர்களின் கணக்கை எடுங்கள். பீட்டர் ஜாக்சனை ஜான் சல்லிவன் சந்திக்க மறுத்தார்; காரணம் நிறம். 1919 முதல் 1926 வரை டெம்ப்சி சாம்பியன். அவர் வாசலில் காத்திருந்தே ஹாரி வில்ஸின் காலம் கழிந்தது. 1915-இல் ஜான்சன் தோற்றபின், 1937-இல் லூயிஸ் வெல்லும்வரை, 22 ஆண்டுகள் ஹெவிவெயிட் பட்டத்துக்குக் கறுப்பர் ஒருவரும் மோத விடப்படவில்லை. டெம்ப்சியா மார்சியானோவா என்று இயந்திரத்தைக் கேட்டவர்கள், டெம்ப்சியா வில்ஸா என்று 1925-இல் கோதாவையே கேட்டிருக்கலாமே! ஏன் கேட்கவில்லை?

கதவடைப்பு அமெரிக்காவோடு நிற்கிறதா? ராயபுரமும் காசிமேடும் புளியந்தோப்பும் வளர்த்த குத்துச்சண்டையைப் பாருங்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று ஊரே இரண்டாக நின்று பார்த்த ஆட்டம். ஆங்கிலோ-இந்தியரான நாட் டெர்ரியை வென்ற கித்தேரி முத்துவுக்குத் தந்தை பெரியார் 'திராவிட வீரன்' என்று பட்டம் தந்ததை வடசென்னை இன்றும் பெருமையோடு சொல்கிறது. மூட்டை சுமந்த கைகளும் மீன்பிடித்த கைகளும் கையுறை மாட்டிய வரலாறு அது. 2021-இல் 'சார்பட்டா பரம்பரை' என்ற திரைப்படம் வந்த பிறகுதான் பலருக்கு அந்தப் பெயரே தெரிந்தது.

மார்சியானோவின் 49 போட்டிகளுக்கும் தேதி உண்டு, சுற்று உண்டு, ஊர் உண்டு. கித்தேரி முத்துவோ பெரும்பாலும் பெரியவர்கள் வாயில்தான் வாழ்கிறார். அந்தக் குரல்கள் ஓய்ந்தால் அவரும் ஓய்ந்துவிடுவார். ஏழையின் வெற்றி ஏட்டில் ஏறாவிட்டால், நாளை இயந்திரத்துக்கு ஊட்ட எந்த எண் இருக்கும்? நுழையவிடாமல் அடைப்பது ஒரு கதவடைப்பு. நுழைந்து வென்றவனை எழுதாமல் விடுவது இன்னொரு கதவடைப்பு.

அலியா மார்சியானோவா என்று தாராளமாக வாதிடுங்கள், தோழர்களே! வாதிட்டுவிட்டு, உங்கள் தெருவிலிருக்கும் பழைய வீரரின் வீட்டுக்குப் போங்கள். எந்த ஆண்டு, எந்த மைதானம், எதிரே நின்றவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். பெட்டியடியில் கிடக்கும் சுவரொட்டியைப் பத்திரப்படுத்துங்கள். நம் வீரனின் கணக்கை நாமே எழுதுவோம். எழுதியபின் எந்த இயந்திரத்தின் முன்னும் நிறுத்துவோம்!