பெயர் தெரியாமல் நாம் கேட்ட இசை

குறுந்தொகை படித்தோர் செம்புலப்பெயல்நீராரை அறிவர். அணிலாடு முன்றிலாரையும் அறிவர். இவை பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. இயற்பெயர் மறைந்துபோனமையால், பாடலில் வரும் தொடரையே புலவருக்குப் பெயராக்கி வைத்தனர் முன்னோர். இத்தகைய இழப்பு ஏட்டுச்சுவடிக் காலத்துக்கு மட்டும் உரியதன்று. இசைத்தட்டும் வானொலியும் வந்த இருபதாம் நூற்றாண்டிலும் அது நிகழ்ந்தது. கோவாவின் ஜாஸ் கலைஞர்களுடைய வரலாறு அதற்கு ஒரு சான்று. அதனையே இன்று நோக்குவோம்.

ஜாஸ், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான இசை. ட்றம்பெற், கிளாறினெற் முதலிய கருவிகளை வாசிப்போர் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, தத்தம் கற்பனைக்கேற்ப அந்தக் கணத்திலேயே அதனை விரித்துச் செல்வர். கோயில் வீதியில் எங்கள் நாதஸ்வர வித்துவான் இராகத்தை விரிக்கும் மனோதர்மத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிய விடயமன்று.

1935இல் லியோன் அபே என்னும் வயலின் கலைஞர் கறுப்பினக் கலைஞர் குழுவொன்றுடன் பம்பாய் தாஜ்மஹால் ஹோட்டலுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து கிறிக்கெற் ஸ்மித், ரெடி வெதர்போர்ட் போன்றோரும் வந்தனர். இவர்களைக் கேட்டும் இவர்களோடு சேர்ந்து வாசித்தும் ஜாஸ் பயின்ற இந்தியருட் பலர் கோவாக் கத்தோலிக்க இளைஞர்கள்.

இதற்குக் காரணம் உண்டு. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியபோது அவர்களுடைய கீழைத்தேய ஆட்சியின் தலைநகராக இருந்தது கோவா. எங்கள் மண்ணை அவர்கள் 1658இல் இழந்தனர். கோவாவிலோ 1961 வரை இருந்தனர். அங்கே பங்குக் கோயில்களைச் சார்ந்த பள்ளிகளில் சிறுவர்களுக்கு ஐரோப்பிய இசைக்குறிகளை வாசிக்கவும் வயலின் முதலியவற்றை இசைக்கவும் கற்பித்தார்கள். பிழைப்புத் தேடிப் பம்பாய் சென்ற இளைஞருக்கு அக்கல்வியே கைமுதலாயிற்று.

அவர்களுள் முதன்மையானவர் சிக் சொக்லேற். இயற்பெயர் அன்ரோனியோ சேவியர் வாஸ். 1916இல் கோவாவின் அல்தோனா ஊரிற் பிறந்தவர். லூயி ஆம்ஸ்ட்றோங்கை மானசீகக் குருவாகக் கொண்டு ட்றம்பெற் வாசித்தார். அவருடைய குழு ஹோட்டல்களில் புகழ்பெற்றது. இந்தித் திரையிசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவுடன் அவர் பணியாற்றினார். 1951இல் வெளிவந்த 'அல்பேலா' படத்தில் தமது குழுவினருடன் திரையிலும் தோன்றினார். 1967இல் காலமானார்.

திரையில் முகம் காட்டும் வாய்ப்புப் பெற்றோர் சிலரே. இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்ட, அதனை இசைக்குறிகளில் எழுதி, எந்த இடத்தில் வயலின்கள் சேரவேண்டும், எந்த இடத்தில் ட்றம்பெற் எழவேண்டும் என்று வகுத்தவர்களிற் பலர் கோவாக் கலைஞர். படத்தின் எழுத்துகளில் அவர்கள் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்தபோது, அப்பாடல்களைத் துணைக்கண்டம் முழுவதும் ஒலிக்கச் செய்தது எங்கள் இலங்கை வானொலி. அமீன் சயானியின் 'பினாகா கீத் மாலா'வுக்காக மக்கள் வாரந்தோறும் காத்திருந்தனர். பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் காற்றில் வந்தன. இடையிசையில் மனத்தை உருக்கிய ட்றம்பெற் யாருடையது என்பதைக் கேட்டவர் அறியார்.

அன்ரனி கொன்சால்வஸ் என்ற வயலின் ஆசிரியரின் பெயர் மட்டும் வேறொரு வழியில் பிழைத்தது. அவரிடம் பயின்ற இசையமைப்பாளர் பியாரேலால், 1977இல் வந்த 'அமர் அக்பர் அந்தோனி' படப்பாடல் ஒன்றில் குருவின் பெயரை இடம்பெறச் செய்தார். கோடிக்கணக்கானோர் அப்பெயரைப் பாடினார்கள்; அது ஒரு வேடிக்கைப் பாத்திரத்தின் பெயர் என்றே பலரும் எண்ணினார்கள்.

இப்பரம்பரையின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர் கிறிஸ் பெரி. 1928 தொடக்கம் 2002 வரை வாழ்ந்தவர். ஜாஸ் இசையைக் கொங்கணிப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர். அவர் இயற்றிய பாடல்களை லோர்ணா என்னும் இளம் பாடகி பாடி, 1960களில் கோவா மக்களின் உள்ளங்களைக் கவர்ந்தார். பின்னர் இருவரும் பிரிந்தனர். ஏறத்தாழ 24 ஆண்டுகள் லோர்ணா மேடையேறவில்லை. 1995இல் ரொனி மொன்செராட் என்னும் இசைக்கலைஞரின் முயற்சியால் மீண்டும் பாட வந்தார்.

அந்தப் பாடல்களிற் சுமார் இருபதைப் புதிதாக ஒலிப்பதிவு செய்து, அவற்றையே சரடாகக் கோத்து எடுக்கப்பட்ட கொங்கணித் திரைப்படம் 'நாச்சுமியா கும்பாசார்'. 'தாளத்துக்கு ஆடுவோம்' என்பது பொருள். பார்ட்ரோய் பரெட்டோ இயக்கிய இப்படம் 2015இல் இந்திய தேசிய விருதுகள் மூன்றினைப் பெற்றது. கொங்கணி சிறிய மொழி; கோவாவில் அது ஆட்சிமொழியானதே 1987இல்தான். அத்தகைய மொழியின் பாட்டு, அந்த மொழி அறியாதோரிடமும் இவ்வாறு சென்று சேர்ந்தது.

மீள்பதிவு மூலத்துக்கு ஈடாகுமா என்று கேட்கலாம். ஆகாது. பழைய இசைத்தட்டின் கரகரப்புக்குள் இருக்கும் அந்த இளங்குரலை எந்தப் புதிய கருவியாலும் திரும்பப் பெறமுடியாது. ஆயினும் நல்லதோர் உரை வாசகனை மூலநூலிடம் அழைத்துச் செல்வதுபோல, நல்ல மீள்பதிவு இளைஞரைப் பழைய தட்டைத் தேடவைக்கிறது. பாடியவர் யார், ஊதியவர் யார் என்று கேட்கவும் வைக்கிறது.

எங்களுக்கும் இக்கேள்வி உண்டு. 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியைப் பற்றி அம்ஷன் குமார் ஆவணப்படம் எடுத்தார். ஆனால் இணுவிலிலும் அளவெட்டியிலும் திருவிழாக்கள்தோறும் வாசித்த கலைஞர் எத்தனை பேர்! வீட்டில் பழைய ஒலிநாடா ஒன்று இருக்குமாயின், நாதஸ்வரம் யார், தவில் யார், தாளம் போட்டவர் யார் என்று மூத்தோரிடம் கேட்டு அதன் உறையில் எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.