கன்று வீச்சு நோயும் கோழி முட்டையும்

ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட போதிலும், கூலிம், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரங்களில் மாடு வளர்ப்போர் அற்றுப் போய்விடவில்லை. சினைப்பசு ஐந்து மாதத்திற்கு மேல் கன்றை வீசிவிட்டால், கண்ணேறு பட்டது என்று கூறி, பசுவை வந்த விலைக்கு விற்றுவிடும் வழக்கத்தை நாம் அறிவோம். கண்ணேறு அன்று; புரூசெல்லா என்னும் நுண்கிருமி காரணமாயிருக்கலாம். டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பாங் 1897இல் கண்டறிந்த கிருமி இது. நம் நாட்டு மாடுகளில் 1950இல் காணப்பட்டது. 1979இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று.

இக்கிருமி உடலுள் செய்யும் அழிவைக் காட்டித் தந்தது கோழி முட்டையே. அடைகாத்த முட்டையின் ஓட்டில் சிறு துளையிட்டு, உள்ளே இரத்தக் குழாய்கள் படர்ந்த மென்சவ்வின்மீது கிருமியை இடுவர். கருவுக்கு நோயெதிர்ப்பு ஆற்றல் முதிர்ந்திராதாகையால், கிருமியின் செயலைத் தெளிவாகக் காணலாம். அமெரிக்காவில் குட்பாஸ்டர் 1930களில் வளர்த்த முறை இது. 1941இல் புடிங், வோமாக் என்போர் இவ்வாறு ஆராய்ந்தபோது, புரூசெல்லா உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகக் கண்டனர். (சோதனை முட்டை வேறு, சந்தை முட்டை வேறு, வாசகர்கள் அஞ்ச வேண்டா.)

திருடன் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தால் காவலர் தெருவில் தேடி என்ன பயன்? மனிதருக்கு இந்நோய் வந்தால் காய்ச்சல் விட்டு விட்டு வருவதும், இருவகை மருந்துகளை ஆறு வாரமேனும் உட்கொள்ள நேர்வதும் இதனாலேயே. பசுவின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்னும் சர்க்கரைப் பொருள் மிகுதி. அதனை இக்கிருமி விரும்பி உண்டு பெருகுகிறது என்பதை 1960களில் பிரிட்டிஷ் ஆய்வாளர் விளக்கினர். கன்று வீச்சின் இரகசியம் இதுவே.

ஆகவே வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடலாகாது. கொடியை வைக்கோலில் சுற்றிப் பால்மரத்தில் கட்டும் பழைய வழக்கம் இங்கே கூடவே கூடாது. நாய் இழுத்துச் சென்றால் கிருமி தோட்டமெங்கும் பரவும். கையுறை அணிந்து, சுண்ணாம்பு தூவி, ஆழப் புதைக்க வேண்டும். பசுவைத் தனியே கட்டி, மாவட்டக் கால்நடை அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும். விற்றால் நோயையும் சேர்த்தே விற்கிறோம். வாங்குகிறவரும் நம்மைப்போல் ஒரு பாட்டாளியே.

பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி மடியும். 2011-2012இல் அண்டை மாநிலமான பினாங்கில் காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடித்துப் பலர் இவ்வினக் கிருமியால் நோயுற்றனர். மாடு வளர்ப்போருக்கு வாரக்கணக்கில் காய்ச்சலும் இடுப்பு வலியும் நீடித்தால், மருத்துவரிடம் முதலிலேயே மாட்டைப் பற்றிச் சொல்லிவிடுக. அவர் கேட்கட்டும் என்று காத்திராதீர்.